குதிரைக்கு நீங்க, எங்களுக்கு நீ

எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு ஒரு டாக்டர் வந்தார். மனிதர்களை நீ என்பார், குதிரைகளை நீங்க என்பார். இந்த ஒரு வரியோடு நான் எழுந்து போய்விடலாம். திருத்தணி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டிய எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அவ்வளவுதான் சொல்லியிருப்பார்கள், கடைசியில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து. நான் கொஞ்சம் பேசுகிறவன். உட்கார்ந்தே சொல்கிறேன்.

பேர் சொல்ல மாட்டேன். அவரும் எங்களில் ஒருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மைனாவோட ஆளு" என்றால் நான். மைனா என் குதிரை. கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் மாவு தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளை. நான் மைனாவை வைத்திருக்கவில்லை, மைனாதான் என்னை வைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் கணக்கு.

அப்போது எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ஊர் ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று ஒரு டீக்கடை விடாமல் சண்டை நடக்கும். டாக்டர் தெலுங்குக்காரர். நெல்லூர் என்றார் ஒருத்தர், ஓங்கோல் என்றார் இன்னொருத்தர். கேட்டுத் தெரிந்துகொள்கிற அளவுக்கு அவர் யாரிடமும் நின்று பேசியதில்லை. ஆள் உயரம். காக்கி முழுக்கால் சட்டை, கறுப்புக் குடை, சகதி அப்பிய பூட்ஸ். வலது காதில் எப்போதும் நாலு குதிரை மயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுத்தில் ரப்பர் குழாய் தொங்கினாலும் அதை எடுத்து மாட்ட மாட்டார். நேராகக் குதிரையின் விலாவில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வயிற்றுக்குள் சத்தம் ஓடினால் நல்லது, ஓடாவிட்டால் ஆபத்து. அவர் பாட்டுக்குக் காது வைத்துக்கொண்டு நிற்பார், எங்கள் பாவா பின்னால் நின்றுகொண்டு சொல்வார்:

"பாத்தியா, குதிர ரகசியம் சொல்லிகினு கீது. நம்ம மேல இன்னா பிராது குடுக்குதோ!"

பாவா என் அக்கா புருஷன். அவரும் ஜட்காக்காரர். அவர் வாய்க்குப் பயந்து போலீஸ்காரர்கூட எங்கள் ஸ்டாண்டுப் பக்கம் ஓரமாகத்தான் போவார்.

காலையில் அரக்கோணம் வண்டி வருவதற்கு முன்னால், நாங்கள் வரிசையாகக் குதிரைகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, குடை தெரியும். "வந்துட்டான்டா குதிரைக்கு மாமியார்" என்பார் பாவா. டாக்டர் முதல் குதிரையிலிருந்து கடைசிக் குதிரை வரைக்கும் போவார். உதட்டை மேலே தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்துவார். அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பச் சிவக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார். கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்து விடுவார். தோல் உடனே படியாவிட்டால் தண்ணீர் காட்டவில்லை என்று அர்த்தம். குளம்பைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார். ஆமாம், மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பார். அழுகல் ஆரம்பித்திருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் வாடை வந்துவிடுமாம். கீழே கிடக்கும் லத்தியைக் குச்சியால் உடைத்து, கொள்ளு முழுசாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார். வந்திருந்தால் பல் கூராகிவிட்டது, மெல்ல முடியவில்லை என்று பொருள். உடனே அரம் எடுத்துவிடுவார்.

இதையெல்லாம் செய்யும்போது பேச்சு முழுக்கக் குதிரையோடுதான்.

"என்னம்மா, நீங்க தூங்கலையா? கண்ணுல பீளை கட்டியிருக்கு."

"கொசுத் தொல்ல சார்" என்று நான் குறுக்கே புகுவேன்.

"உன்ன கேக்கல."

இந்த "உன்ன கேக்கல" என்பதை ஒரு நாளைக்கு எத்தனை முறை வாங்கியிருப்போம் என்று தெரியாது. தண்ணீர் காட்டினேன் சார் என்றால், உன்ன கேக்கல. நேத்து ரெண்டே ட்ரிப்புதான் சார் என்றால், உன்ன கேக்கல. அப்புறம் குதிரையின் காதுக்குள், எங்களுக்கும் கேட்கிற மாதிரி: "நீங்க பேச மாட்டீங்க. அதான் பொய் சொல்றதில்ல."

நியாயமாகச் சொன்னால் நாங்கள் பொய்தான் சொன்னோம். தண்ணீர் காட்டாத நாளில் காட்டினோம் என்போம், எட்டு ட்ரிப் போன நாளில் மூன்று என்போம். அதற்காக ஒரு மனுஷன் முகத்தை இன்னொரு மனுஷன் பார்க்காமலே இருப்பதா? எங்களுக்கு எரிந்தது. மாட்டு ஆஸ்பத்திரியில் பசு வைத்திருக்கிறவர்களுக்கும் இதே கதைதான். ஆனால் அவர் உயிர் குதிரைகளிடம்தான் இருந்தது. அதற்குக் காரணம் ஒன்றை அவரே மைனாவிடம் சொல்லிக் கேட்டேன்.

"மாட்டுக்கு நாலு அறை வயிறு. நாய் வேணாங்கிறத வாந்தி எடுத்துடும். உங்களால வாந்தி எடுக்க முடியாதும்மா. உள்ள போனா போனதுதான். அதனால உங்க வாய்க்கு நான் காவல்."

நல்ல பேச்சு. எனக்கு அப்போதே மனசில் தங்கிவிட்டது. நான் பேச்சைப் பொறுக்கிச் சேர்க்கிறவன். ஆனால் அதைச் சொன்ன வாய் என் பக்கம் திரும்பி, "கொள்ளு ஊறல. நகத்தால கிள்ளிப் பாரு, மூதேவி" என்றது.

பாய் கதையைச் சொல்லாமல் போகக் கூடாது. எங்கள் வரிசையில் ஒரு பாய் இருந்தார், ஆற்காட்டிலிருந்து வந்தவர், வீட்டில் இந்துஸ்தானி பேசுகிறவர். புதிதாக ஒரு வெள்ளைக் குதிரை வாங்கி வந்திருந்தார். பெட்டைக் குதிரை, பெற்ற பெண் மாதிரி வைத்திருந்தார். முதல் நாள் டாக்டர் அதன் முன்னால் வந்து நின்று, தெலுங்கில் மரியாதையாக, "ரண்டி அம்மா, ரண்டி" என்றார். வாங்க அம்மா, வாங்க என்றுதான் அர்த்தம். பாய் வீட்டுப் பாஷையில் அது பெண்பிள்ளையைச் சொல்லக் கூடாத வார்த்தை. பாய் சாட்டையைத் தூக்கிவிட்டார்.

"யாரப் பாத்து இன்னா சொன்னே? இன்னோரு வாட்டி சொல்லு!"

டாக்டர் நிதானமாக இன்னொரு முறை சொன்னார். நாலு பேர் சேர்ந்து பாயைப் பிடித்துக்கொண்டோம். "தெலுங்குல வாங்கன்னு அர்த்தம் பாய்" என்று பாவா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கியதும் பாய் சாட்டையை இறக்கினார், ஆனாலும் மூச்சு இறங்கவில்லை. டாக்டர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மறுநாள் அந்தக் குதிரை முன்னால் மட்டும் வந்து நின்று, தமிழில், "வாங்கம்மா. நேத்து உங்கள சங்கடப்படுத்திட்டேன்" என்றார். சாட்டை தூக்கியவரிடம் ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து எல்லாக் குதிரைக்கும் ரண்டி, பாய் குதிரைக்கு மட்டும் வாங்க.

"குதிரகிட்ட மன்னிப்புக் கேட்டவன இப்பத்தான் பாக்கறேன்" என்றார் பாய். கோபம்தான், ஆனால் சொல்லிவிட்டு அந்த வெள்ளையின் பிடரியைத் தடவிக்கொடுத்தார்.

எனக்கு அவர் செய்தது வேறு. பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு நெசவுக் குடும்பம், புருஷன் பெண்டாட்டி மாமியார், ரயிலில் சுற்றி வந்து இறங்கி மலையடிவாரத்துக்கு என் வண்டியில் ஏறினார்கள். கடைத்தெரு நடுவில் குடை குறுக்கே நீண்டது. "இறங்கு."

மைனாவின் முதுகில் சேணத்தைத் தூக்கினார். அடியில் ஒரு நாவல்பழம் அளவுக்குப் புண். நான் அதில் விளக்கெண்ணெயும் மையும் குழைத்துப் பூசி மறைத்திருந்தேன்; கறுப்புக் குதிரை, தெரியாது என்று நினைத்தேன். டாக்டர் குதிரையை அவிழ்த்தார். சேணத்தை என் வெற்று முதுகில் வைத்தார். கீழே குனிந்து இரண்டு சரளைக் கல்லைப் பொறுக்கி, என் தோள்பட்டைக்கும் சேணத்துக்கும் நடுவில் செருகி, வாரை இறுக்கினார்.

"நட. ஸ்டேஷன் மட்டும்."

லைசென்ஸ் சீட்டில் குதிரை நல்லபடி இருக்கிறதென்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வண்டியை விறகுக்குத்தான் போடணும். நடந்தேன். கடைத்தெரு முழுக்க எட்டிப் பார்த்துச் சிரித்தது. டாக்டர் பக்கத்தில் மைனாவை வெறும் கயிற்றில் பிடித்துக்கொண்டு, "மெதுவா நடங்கம்மா, அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த மாமியார்க் கிழவி பின்னாலிருந்து "ஐயோ பாவம்" என்றாள். யாரோ ஒருத்திக்காவது மனசு இருக்கிறதே என்று திரும்பினேன். அவள் மைனாவைத்தான் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

பத்து நாள் வண்டி கட்டக் கூடாது என்றுவிட்டார். பத்து நாளும் அவரே வீட்டு வாசலுக்கு வந்து களிம்பு போட்டார். புண் தழும்பில்லாமல் ஆறியது. என் தோளில் கல் குத்திய இடமும் ஆறிவிட்டது. ஆனால் உள்ளே ஒன்று ஆறவில்லை. இனி வருவதற்கு அது ஒரு காரணம் என்பதால் சொல்கிறேன், சாக்காகச் சொல்லவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. எங்கள் ஊருக்கு அன்றைக்கு வருகிற ஜனத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூக்காவடி, பால்காவடி, அரோகரா சத்தம், தரை தெரியாது. ஜட்காக்காரர்கள் அன்றைக்குக் குதிரையைக் குளிப்பாட்டி, மலையிலிருந்து சாமிக்குச் சாத்தி வந்த செவ்வரளி மாலையை வாங்கிக் கழுத்தில் போடுவோம். பூவும் இலையும் சேர்த்து வாழைநாரில் கட்டிய மாலை. அது எங்களுக்கு வருஷத்துக் காப்பு.

டாக்டர் வந்த முதல் வருஷம், காலையில் குடையோடு கட்டுத் துணி வெட்டும் கத்தரிக்கோலும் வந்தது. வரிசையாக நறுக், நறுக் என்று மாலைகளை வெட்டிக்கொண்டே போனார். விழுந்ததைப் பூட்ஸ் காலால் குதிரைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளினார். ஒவ்வொரு குதிரையிடமும் ஒரே பேச்சு: "இதி மீகு விஷமண்டி." இது உங்களுக்கு விஷம்.

விஷம் என்ற சொல் தமிழிலும் அதுதான், தெலுங்கிலும் அதுதான். புரியாமல் போக வழியில்லை. நாங்கள் புரிந்துகொண்டோம், வேறு மாதிரி. சாமி கழுத்தில் கிடந்ததை விஷம் என்கிறான், காலால் தள்ளுகிறான். காவடிக்காரர்கள் கூடிவிட்டார்கள். "கருப்புச் சட்டைக்காரன்" என்றது ஒரு குரல். "நம்ம சாமி மேல தெலுங்குக்காரனுக்கு இன்னாடா கோவம்?" என்றது இன்னொன்று. மலையில் பூஜை செய்கிற குருக்கள் ஒருவர் கீழே வந்திருந்தவர், முன்னால் வந்து பொறுமையாகத்தான் கேட்டார்:

"என்ன சொன்னேள்? மறுபடியும் சொல்லுங்கோ."

"உன்கிட்ட சொல்லல. அவங்ககிட்ட சொன்னேன்" என்று குதிரையைக் காட்டினார் டாக்டர்.

ஒரு வார்த்தை போதும். குருக்களிடம் இல்லாவிட்டாலும் எங்களில் ஒருத்தனிடம், "அரளி இலை குதிரை வயிற்றில் போனால் நெஞ்சு நின்றுவிடும்" என்று ஒரு வார்த்தை. அரளி விதையை அரைத்துக் குடித்துச் செத்தவர்கள் கதை எங்களுக்குத் தெரியாததா? ஆனால் அது வேலியோரத்து மஞ்சள் அரளி. மலைக்குப் போய்வந்த செவ்வரளி அப்படிச் செய்யாது என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம். அவர் விளக்கவில்லை. நாங்கள் கேட்கவில்லை. அந்த வருஷம் முழுக்க அவர் வீட்டு வாசலில் சாணி விழுந்தது, பால்காரன் தண்ணீராக ஊற்றினான், முடி வெட்டுகிறவர் பாதியில் வேறு வேலைக்குப் போனார். அவர் எதற்கும் முகம் கொடுக்கவில்லை. காலையில் குடை வரும், குளம்பை முகரும், போகும்.

அடுத்த ஆடிக் கிருத்திகை.

"இந்த வாட்டி எவன் மாலய எடுக்கறான் பாக்கலாம்" என்று பாவா தொடையைத் தட்டினார். நான் மற்றவர்களைவிடக் கனமான மாலையாக வாங்கினேன். முதுகில் சேணம் சுமந்த கடைத்தெரு வழியே மைனாவைக் கனத்த மாலையோடு ஓட்டிப் போக வேண்டும் என்று ஒரு வீம்பு. எட்டு மணி சுமாருக்குத் தூரத்தில் குடை தெரிந்தது. தெரிந்ததும் என் வீம்பு இறங்கிவிட்டது. லைசென்ஸ் சீட்டுப் புதுப்பிக்கிற மாசம். மாலையைக் கழற்றினேன். தரையில் போடப் பயம், சாமி மாலை. ஜட்காவில் உட்கார விரிக்கிற கோரைப்பாய்க்கு அடியில் புல் பரப்பியிருப்போம். ஏறுகிறவர்களுக்கு அது மெத்தை, குதிரைக்கு அதுவே சாப்பாடு. மாலையை அந்தப் புல்லுக்குள் செருகினேன்.

டாக்டர் வந்தார். மற்றவர்களும் அவசரமாகக் கழற்றிச் சட்டைக்குள்ளும் தலைப்பாகையிலும் ஒளித்திருந்தார்கள். பாவா மட்டும் விடாமல் நின்று கத்தரிக்கோலுக்குக் கொடுத்தார். மைனாவின் வெறுங்கழுத்தைப் பார்த்ததும் டாக்டர் நின்றார். கழுத்தைத் தடவினார். அப்புறம் என்னைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் அவர் கண் என் முகத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. லேசாகத் தலையை ஆட்டினார். இவனாவது கேட்டுக்கொண்டானே என்று நினைத்திருக்க வேண்டும்.

வண்டி ஏறக் கூட்டம் முண்டியடித்தது. இரண்டு ட்ரிப் போய் வந்தேன். ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பாய்க்கு அடியில் எல்லாம் வதங்கிப்போயிருக்கும். பத்து மணிக்குச் சரவணப் பொய்கைப் பக்கம் வண்டியை அவிழ்த்தபோது மைனா பசியில் காலைத் தட்டியது. மலையிலிருந்து இறங்குகிறவர்கள் "வண்டி, வண்டி" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். கோரைப்பாயைத் தூக்கி, இரண்டு கையாலும் புல்லை வாரி, அதன் முன்னால் போட்டேன். மாலை நினைவிலேயே இல்லை. நானேதான் வாரிப் போட்டேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்டேஷன் வாசலில் மைனா நின்றுவிட்டது. வெயிலில் வேர்க்கிற வேர்வை இல்லை. காதுக்குப் பின்னாலும் தொடையிலும் சொட்டுச் சொட்டாக வடிந்தது. முன்னங்காலால் தரையைக் கீறியது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மீதிப் புல்லை அதற்குக் காட்டிப் பார்க்கலாம் என்று கோரைப்பாயைத் தூக்கினேன். அப்போதுதான் மாலை நினைவு வந்தது. புல்லைக் கிளறினேன். மாலை இல்லை.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லி டாக்டர் வந்தார். ஓடி வந்தார், குடை இல்லை. வந்ததும் வலிக்கு ஒரு ஊசி போட்டார். விலாவில் காது வைத்தார். அப்புறம் இடது முழங்கைக்குப் பின்னால், நெஞ்சில் வைத்தார். வைத்த காதை எடுக்கவேயில்லை. எழுந்தபோது முகம் வேறாக இருந்தது.

"வயித்து வலிக்கு நெஞ்சு இப்படித் தாளம் தப்பாதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க" என்றார். "இவங்க இன்னிக்கு என்ன சாப்பிட்டாங்க?"

நீங்க. எனக்கு அது காதில் விழுந்து புரிய ஒரு நொடி ஆயிற்று. சுற்றிலும் பாவா, பாய், எல்லா ஜட்காக்காரர்கள், காவடி இறக்கி வந்த ஐம்பது அறுபது பேர். ஒரு வருஷமாக அந்த மாலை விஷமில்லை என்று அத்தனை பேரும் சத்தியம் செய்தாயிற்று; அதில் நானும் ஒருத்தன். இப்போது வாய் திறந்தால் அவர் ஜெயித்துவிடுவார். என் தோளில் கல் செருகிய ஆள்.

"கொள்ளும் புல்லுந்தாங்க" என்றேன்.

"வேற ஒண்ணும் இல்லையே? யோசிச்சுச் சொல்லுங்க."

"வேற இன்னா சார் குடுப்பேன்? புல்லுதான்."

அவர் நம்பினார். எத்தனையோ உண்மையைச் சொன்னபோது உன்ன கேக்கல என்றவர், அன்றைக்கு என்னை நம்பினார். "அப்ப வயிறுதான்" என்றார். "மெதுவா நடத்துங்க. படுக்க விடாதீங்க. நடந்தா வாயு இறங்கும்."

வயிற்று வலிக்கு நடத்துவது வைத்தியம். நெஞ்சில் விஷம் ஏறியவளை நடத்துவது கொலை. அது எனக்கு அப்போது தெரியாது. பிறகு இன்னொரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆனால் தெரியாது என்று சொல்லி நான் தப்பிக்கவில்லை. கயிற்றைப் பிடித்து ஸ்டாண்டைச் சுற்றி நடத்தினேன். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. மைனா என் தோளில் மூக்கை வைத்துக்கொண்டே வந்தது. மூன்றாவது சுற்றில் முன்னங்கால் மடிந்தது.

டாக்டர் மண்ணில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். கையை உள்ளே விட்டுக் கடைவாய்ப் பல்லின் இடுக்கிலிருந்து எதையோ இழுத்தார். மென்று நைந்த வாழைநார், அதில் ஒட்டிய ஒரு சிவப்பு இதழ். உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். மற்றவர்களுக்கு என்னவென்று தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் காட்டினார்.

"கரி!" என்று கத்தினார். எங்கள் எல்லாரையும் பார்த்து அவர் சேர்ந்தாற்போல் சொன்ன ஒரே சொல் அதுதான். பாவா ஸ்டேஷனுக்குள் ஓடித் துண்டு நிறைய ரயில் கரியை அள்ளிக்கொண்டு வந்தார். "இது எஞ்சினுக்கு! அடுப்புக் கரி, விறகுக் கரி!" என்று அதை எட்டி உதைத்தார் டாக்டர். விஷத்தை உறிஞ்சுமாம் என்று ஹோட்டல் அடுப்பிலிருந்து கரி வாங்கி, இடித்து, தண்ணீரில் கரைத்துக் கொண்டுவருவதற்குள் மைனாவின் கழுத்து நீண்டுவிட்டது.

டாக்டர் அதன் நெற்றி வெள்ளையில் கை வைத்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா. இன்னிக்கு உங்கள கேக்காம இவன கேட்டுட்டேன்."

நான் ஏதோ சொல்லப் போனேன். "நீ தள்ளு" என்றார்.

நீங்க என்பது ஒரு மத்தியானம்கூட நிற்கவில்லை.

மறுநாள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: ஊசி போட்டுக் குதிரையைக் கொன்றுவிட்டான். சாமி மாலையைக் காலால் தள்ளியவன் கை விளங்குமா? டாக்டர் மேல் பாவா மனு எழுதினார். எனக்கு அக்கா புருஷன். என் குதிரை செத்ததற்கு உண்மையிலேயே அழுதவர். "முதல் கையெழுத்து நீ போட்டாத்தான்டா மரியாத" என்றார். நான் பள்ளிக்கூடம் போகாதவன். கடைப் போர்டு, பஸ் போர்டு, மளிகை கட்டின காகிதம் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். கைநாட்டுப் போடாமல் என் பேரை நானே எழுதிய முதல் காகிதம் அந்த மனுதான். எழுத்து கோணாமல் வந்திருக்கிறதென்று பாய் பாராட்டினார்.

விசாரிக்க வந்த பெரிய அதிகாரியிடம் டாக்டர் அந்த நாரைக் காட்டியிருக்கலாம். ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். காட்டவில்லை. கேட்டதற்கெல்லாம், "குதிரை இறந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னாராம். குதிரைக்குப் போய் இறந்துட்டாங்க என்று மரியாதை கொடுத்ததுக்கே அதிகாரி சிரித்தாராம். மாற்றல் உத்தரவு வந்தது.

போகிற நாள் காலையில் தகரப் பெட்டியைத் தலையில் ஓர் ஆள் சுமக்க, குடையோடு ஸ்டாண்டுக்கு வந்தார். எங்களில் யாரும் எழுந்திருக்கவில்லை. பீடியைக்கூட அணைக்கவில்லை. அவர் வழக்கம்போல முதல் குதிரையிலிருந்து ஆரம்பித்தார். ஈறு, தோல், குளம்பு. கடைசியில் ஒவ்வொன்றிடமும், "வெள்ளி வஸ்தானண்டி" என்றார். போய்ட்டு வரேங்க. பாயின் வெள்ளைக் குதிரையிடம் மட்டும் தமிழில், "போய்ட்டு வரேம்மா." பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கண்ணைத் துடைப்பது தெரியாமலிருக்க.

நான் புதிதாக ஒரு செவலைக் குதிரை வாங்கியிருந்தேன். அதன் முன்னால் வந்து நின்றார். குளம்பைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், குறையொன்றும் இல்லை. நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "சார்" என்றேன்.

"உன்ன கேக்கல" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

குதிரையின் காதருகே குனிந்தார். நாலு மயிர் ஒட்டிய அந்தக் காது என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"இவன் எது குடுத்தாலும் மோந்து பாத்துட்டு சாப்பிடுங்க" என்றார்.

ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அந்தச் செவலை என்னிடம் பதினோரு வருஷம் இருந்தது. கொள்ளுப் பையைக் கொண்டுபோனால் உடனே வாய் வைக்காது. மூக்கை விரித்து, ஒரு முறை, இரண்டு முறை மோந்து பார்க்கும். எந்தக் குதிரையும் அப்படித்தான் செய்யும், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அது மோந்து முடிக்கிற வரைக்கும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.